ஒரு தத்துக்கிளி விமானத்தின் வரலாறு

நுழையும்முன்

போர் விமானம் என்றவுடன், இடியென முழங்கி மின்னலென மறையும் உலோகப் பறவையே மனக்கண்ணில் தோன்றும். ஆனால், இரண்டாம் உலகப் போரின் வானில், எஃகுக் குழாய்களும் மரச்சட்டங்களும் பருத்தித் துணியும் கொண்டு கட்டப்பட்ட சின்னஞ்சிறு விமானங்களும் பறந்தன. அவற்றுள் ஒன்று, போர் முடிந்தபின் தன் பெயரையும் நிறத்தையும் இழந்து, நெடுங்காலம் எவரும் அறியாமல் உழைத்துவந்தது. அவ்விமானத்தின் வாழ்க்கையை இப்பாடத்தில் காண்போம்.

பட்டு ஆலையில் பிறந்த பறவை

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், சஸ்குவஹன்னா ஆற்றின் மேற்குக் கிளையின் கரையில், லாக் ஹேவன் என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. அங்கே பயன்பாடின்றிக் கிடந்த ஒரு பட்டு ஆலைக்குள் 1937ஆம் ஆண்டில் ஒரு விமானத் தொழிற்சாலை குடிபுகுந்தது. அதன் உரிமையாளர் வில்லியம் பைப்பர். எண்ணெய் வணிகத்தில் ஈடுபட்டிருந்த அவர், பிராட்ஃபோர்டு என்னும் ஊரில் நடத்திவந்த விமானத் தொழிற்சாலை அவ்வாண்டில் தீக்கு இரையானது. மனம் தளராத பைப்பர், பட்டு நெய்த கூடங்களில் விமானங்களைக் கட்டத் தொடங்கினார்.

எளிய மக்களும் வாங்கக்கூடிய விலையில், எவரும் கற்று ஓட்டக்கூடிய விமானம் ஒன்றை உருவாக்க வேண்டும் என்பதே அவரது நோக்கம். அவ்வாறு உருவான விமானம் 'ஜே-3 கப்' எனப் பெயர் பெற்றது. 'கப்' என்னும் ஆங்கிலச் சொல் விலங்கின் குட்டியைக் குறிக்கும். பெயருக்கு ஏற்ப அது குட்டி விமானமே. எஃகுக் குழாய்களைப் பற்றவைத்து உடலின் கூடு அமைக்கப்பட்டது. இறக்கைகளின் முதன்மைச் சட்டங்கள் மரத்தாலானவை. இவற்றின்மேல் பருத்தித் துணி போர்த்தப்பட்டது. துணியின்மீது 'டோப்' என்னும் பூச்சு பல முறை பூசப்படும். அது உலரும்போது துணி சுருங்கி, மத்தளத்தின் தோல்போல விறைத்து நிற்கும். அதன்பின் மழையும் காற்றும் எளிதில் அதனுள் புகமாட்டா.

இவ்விமானத்தின் இயந்திர ஆற்றல் 65 குதிரைத்திறன் மட்டுமே. இன்று நம் நகரச் சாலைகளில் ஓடும் சிறிய கார் ஒன்றின் ஆற்றல் ஏறத்தாழ இவ்வளவே. ஆளும் எரிபொருளும் இன்றி விமானத்தின் எடை சுமார் 345 கிலோகிராம். பெரிய மோட்டார் சைக்கிள்கள் இரண்டைச் சேர்த்து நிறுத்தால் ஏறத்தாழ அவ்வெடை வரும். ஒருவர்பின் ஒருவராக இருவர் அமரலாம். இயந்திரத்தை இயக்க ஒருவர் வெளியே நின்று, முகப்பில் உள்ள சுழல்விசிறியைக் கையால் சுழற்றிவிட வேண்டும். எரிபொருளின் அளவைக் காட்டும் கருவியைக் கண்டால் இன்றைய சிறுவர்கள் நகைக்கக்கூடும். எரிபொருள் கலத்தினுள் ஒரு தக்கை மிதக்கும். அதில் செருகிய கம்பி, மூடியின் வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கம்பி தாழத் தாழ எரிபொருள் குறைகிறது என்று பொருள். பழுதாவதற்கு அதில் எதுவும் இல்லை என்பதே அதன் சிறப்பு.

1938 முதல் 1947 வரை ஏறத்தாழ 20,000 கப் விமானங்கள் கட்டப்பட்டன. அவற்றுள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவை படைக்கென்றே செய்யப்பட்டவை. அவற்றுக்குப் படைத்துறை இட்ட பெயர் 'எல்-4'.

பெயர் வந்த கதை

படைத்துறையின் பெயர் ஏட்டில் இருக்க, வீரர்களின் நாவில் வேறொரு பெயர் நிலைத்தது. 1941ஆம் ஆண்டில் அமெரிக்கப் படையினர் பெரும் போர்ப் பயிற்சிகளை நடத்தினர். அப்போது ஒரு கப் விமானம், புதர்கள் நிறைந்த கரடுமுரடான நிலத்தில் எம்பி எம்பிக் குதித்துத் தரையிறங்கியது. அதைக் கண்ட இன்னிஸ் சுவிஃப்ட் என்னும் படைத்தலைவர், அது தத்துக்கிளியைப் போல இருக்கிறது என்றார். அன்றுமுதல் அவ்வகை விமானங்கள் யாவும் தத்துக்கிளிகள் ஆயின. தத்துதல் என்றால் தாவித் தாவிச் செல்லுதல். புல்வெளியில் துள்ளும் பூச்சிக்குத் தமிழில் தத்துக்கிளி என்று பெயர் வந்ததும் அவ்வாறே. இவ்வகையில் தமிழரும் அப்படைத்தலைவரும் அப்பூச்சியிடம் கண்டது ஒன்றே.

பீரங்கிகளின் கண்

துணி போர்த்திய இவ்விமானத்திற்குப் போர்க்களத்தில் என்ன வேலை? காண்பதே அதன் வேலை.

பெரிய பீரங்கிகள் பல கிலோமீட்டர் தொலைவிலுள்ள இலக்கைத் தாக்க வல்லவை. ஆனால், அவற்றை இயக்கும் வீரர்கள் பெரும்பாலும் ஒரு குன்றின் பின்புறம் நிற்பர். குண்டு எங்கே விழுகிறது என்பதை அவர்களால் காண இயலாது. தத்துக்கிளி மேலே எழும்பி வட்டமிடும். பின்னிருக்கையில் உள்ளவர் குண்டு விழும் இடத்தைக் கண்டு வானொலிவழித் தெரிவிப்பார். முதற்குண்டு இலக்கைத் தாண்டி விழுந்தால், தொலைவை 400 மீட்டர் குறைக்கச் சொல்வார். அடுத்தது இலக்குக்கு முன்பே விழுந்தால், 200 மீட்டர் கூட்டச் சொல்வார். இவ்வாறு இடைவெளியைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே வர, நான்கைந்து குண்டுகளுக்குள் இலக்கு சிக்கிவிடும். அதன்பின் அணியிலுள்ள எல்லாப் பீரங்கிகளும் ஒருசேர முழங்கும்.

இதனால் ஒரு விந்தை நிகழ்ந்தது. கவசமோ துப்பாக்கியோ இல்லாத இவ்விமானம் தலைக்குமேல் தோன்றினால், எதிரிகள் பலநேரம் சுடாமல் அடங்கிக் கிடந்தனர். சுட்டால் தம் மறைவிடம் வெளிப்பட்டுவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். வேகம் குறைவாக இருந்ததும் ஒருவகையில் நன்மையே. மணிக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் என்னும் மெதுவான வேகத்திலும் அது வானில் மிதக்கும். அதிவேகப் போர் விமானம் ஒன்று துரத்தி வந்தால், தத்துக்கிளி மரங்களின் உயரத்திற்குத் தாழ்ந்து சட்டெனத் திரும்பிவிடும். துரத்தியது நிற்க முடியாமல் அதைக் கடந்து போய்விடும்.

போரில் அதன் தொடக்கம் மட்டும் அவ்வளவு மங்கலமாக அமையவில்லை. 1942ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள், மொராக்கோ கடற்கரைக்கு அப்பால், ரேஞ்சர் என்னும் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து மூன்று எல்-4 விமானங்கள் புறப்பட்டன. இத்தகைய விமானத்தை அதுவரை கண்டிராத அமெரிக்கக் கப்பல்களும் கரையிலிருந்த அமெரிக்கப் படையினரும் அவற்றைப் பகைவருடையவை எனக் கருதிச் சுட்டுவிட்டனர்.

வரலாற்று ஆசிரியரும் ஆறு குழாய்களும்

நம் கதைக்குரிய விமானம் லாக் ஹேவனில் கட்டப்பட்ட எல்-4 வகை விமானங்களுள் ஒன்று. அதன் வரிசை எண் 43-30426. பிரான்சில் அது சார்லஸ் கார்ப்பென்டர் என்பவரின் கைக்கு வந்தது. இல்லினாய் மாநிலத்தின் மோலின் நகரில் உயர்நிலைப் பள்ளி வரலாற்று ஆசிரியராகவும் கால்பந்துப் பயிற்சியாளராகவும் இருந்தவர் அவர். போரின் காரணமாக 1942ஆம் ஆண்டில் படையில் சேர்ந்தார். 1944ஆம் ஆண்டில், தளபதி பேட்டனின் மூன்றாம் படையைச் சேர்ந்த நான்காம் கவசப் படைப்பிரிவில், எதிரியின் நடமாட்டத்தை உளவறியும் விமானியாகப் பணியாற்றினார்.

மேலிருந்து காண்பதோடு நிற்க அவர் மனம் ஒப்பவில்லை. கீழே தம் தோழர்களை ஜெர்மானிய டாங்கிகள் தாக்கும்போது, தாம் வானொலியில் பேசிக்கொண்டிருப்பது மட்டும் போதுமா என்று எண்ணினார். தத்துக்கிளியில் பசூக்கா என்னும் ஆயுதத்தை வேறு சில விமானிகள் ஏற்கெனவே பொருத்திப் பார்த்திருந்தனர். அவரும் அவ்வழியைப் பின்பற்றினார். சிறிது சிறிதாகக் கூட்டி, இறக்கைகளைத் தாங்கும் சட்டங்களில் பக்கத்திற்கு மூன்றாக ஆறு பசூக்காக்களைப் பொருத்தச் செய்தார்.

இவ்வளவு மெல்லிய விமானம் அத்தகைய ஆயுதத்தை எவ்வாறு தாங்கியது? பீரங்கி வெடிக்கும்போது குண்டு முன்னே பாய, பீரங்கி பின்னோக்கி உதைக்கும். அவ்வுதையைக் கப் விமானம் தாங்காது. அதன் சட்டங்கள் முறிந்துவிடும். பசூக்காவோ இருபுறமும் திறந்த வெறுங்குழாய். தோளில் வைத்து ஒருவரே ஏவக்கூடியது. அதனுள் இருப்பது ஒரு சிறிய ராக்கெட். தீபாவளியன்று புட்டியில் நிறுத்திக் கொளுத்தும் ராக்கெட்டைப் போல, அது தன்னுள் எரியும் மருந்தின் புகையைப் பின்னால் வீசி முன்னால் பாய்கிறது. புகை குழாயின் பின்வாயில் வழியே வெளியேறிவிடுவதால் குழாய் உதைப்பதில்லை. குழாய் ஒன்றின் எடை ஆறு, ஏழு கிலோகிராம்தான். எனினும் ஆறு குழாய்களும் ராக்கெட்டுகளும் சேர்ந்தபோது, விமானத்தின் சிறிய இயந்திரத்திற்கு அது பெருஞ்சுமையாயிற்று. எனவே, தாக்கச் செல்லும்போது கார்ப்பென்டர் தனியாகவே பறந்தார்.

இன்னொரு வினாவும் எழும். ஜெர்மானியரின் பாந்தர் வகை டாங்கி ஏறத்தாழ 45 டன் எடையுள்ளது. அதன் முகப்பில் 80 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுத் தகடு சாய்வாக அமைந்திருக்கும். தரையிலிருந்து ஏவும் பசூக்காவால் அதைத் துளைப்பது அரிது. ஆனால், அதன் மேற்கூரையின் தடிமன் 16 மில்லிமீட்டர் மட்டுமே. வானிலிருந்து தாக்குபவருக்கு அந்த மெல்லிய கூரை தெரியும். கார்ப்பென்டர் நம்பியதும் அதையே. ஆயினும் அதற்கு அவர் மிக அருகில் பாய்ந்து செல்ல வேண்டியிருந்தது. குறிபார்க்கும் கருவி எனச் சொல்லத்தக்க எதுவும் விமானத்தில் இல்லை. விமானத்தின் மூக்கையே இலக்கை நோக்கித் திருப்பினார். அவருக்கும் எதிரியின் தோட்டாக்களுக்கும் இடையே இருந்தது துணி மட்டுமே.

அந்நாளில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் வேலைசெய்த பெண்களை 'ரோசி தி ரிவெட்டர்', அதாவது தறையாணி அடிக்கும் ரோசி, என்று செல்லமாக அழைப்பது வழக்கம். தறையாணி என்பது உலோகத் தகடுகளை இணைக்கும் ஆணி. கார்ப்பென்டர் அப்பெயரைச் சற்றே மாற்றி, தம் விமானத்தில் 'ரோசி தி ராக்கெட்டர்' என்று எழுதச் செய்தார். ராக்கெட் ஏவும் ரோசி என்பது அதன் பொருள்.

மூடுபனி விலகிய நண்பகல்

1944ஆம் ஆண்டு செப்டம்பரில், பிரான்சின் லொரேன் பகுதியிலுள்ள அராகூர் என்னும் ஊரைச் சுற்றிப் பெரும் டாங்கிப் போர் மூண்டது. செப்டம்பர் 20ஆம் நாள் காலையில் மூடுபனி நிலத்தை மறைத்திருந்தது. மேலே பறந்த கார்ப்பென்டருக்கு ஒன்றும் புலப்படவில்லை. நண்பகல் அளவில் பனி விலகியது. அப்போது, பாந்தர் டாங்கிகளும் கவச வண்டிகளும் அடங்கிய ஓர் அணி அராகூரை நோக்கி நகர்ந்துகொண்டிருப்பதை அவர் கண்டார்.

டாங்கிகள் முன்னேறிய அப்பகுதியில், அமெரிக்கப் படைக்குக் குடிநீர் வழங்கும் பிரிவினர் சிலர் சிக்கிக்கொண்டிருந்தனர். ஓட வழியின்றி ஒளிந்திருந்தனர். டாங்கிகளை எதிர்க்கும் ஆற்றல் அவர்களுக்கு இல்லை.

கார்ப்பென்டர் தரையிலிருந்து சீறிவந்த தோட்டாக்களினூடே விமானத்தைக் கீழ்நோக்கிப் பாய்ச்சினார். ராக்கெட்டுகள் தீர்ந்ததும் தளத்திற்குத் திரும்பி மீண்டும் நிரப்பிக்கொண்டு வந்தார். இவ்வாறு இருமுறை திரும்பிச் சென்று, அன்று பிற்பகலில் குறைந்தது 16 ராக்கெட்டுகளை ஏவினார். இரண்டு டாங்கிகளும் சில கவச வண்டிகளும் நகர முடியாமல் நின்றுபோயின என்று அவர் கணக்கில் பதிவாயிற்று. எஞ்சிய டாங்கிகள் பின்வாங்கின. குடிநீர்ப் பிரிவினர் உயிர் தப்பினர்.

போர் முடிவதற்குள் ஆறு டாங்கிகள் அவர் கணக்கில் சேர்ந்தன. வானிலிருந்து தாக்குபவர் தரும் கணக்கைச் சற்று எச்சரிக்கையுடனேயே கொள்ள வேண்டும். புகையும் புழுதியும் எழும் களத்தில், நின்றுபோன டாங்கி அழிந்ததா, பழுதடைந்ததா, வெறுமனே ஒதுங்கி நிற்கிறதா என்பதை ஒரு நொடியில் கடந்து செல்பவர் உறுதியாகக் கூற இயலாது. போர்க்காலச் செய்தித்தாள்களும் வீரக்கதைகளை விரும்பின. அவை அவரைப் 'பசூக்கா சார்லி' என்று புகழ்ந்தன. ஆனால், அந்நாள் பிற்பகலில் டாங்கிகள் பின்வாங்கியதற்கு, அன்று தப்பிப் பிழைத்த குடிநீர்ப் பிரிவினரே சான்று.

அவ்வெற்றிக்கு ஒரு விலையும் இருந்தது. கப் விமானங்களை முன்பு எதிரிகள் பொருட்படுத்தியதில்லை என்றும், இப்போது தாம் தோன்றினாலே எல்லாத் துப்பாக்கிகளாலும் சுடுகிறார்கள் என்றும் கார்ப்பென்டரே ஒரு செய்தியாளரிடம் கூறினார். காண்பதற்கு மட்டும் வந்த விமானத்திற்குக் கிடைத்த பாதுகாப்பு, தாக்கும் விமானத்திற்குக் கிடைக்கவில்லை.

பிரிந்த வழிகள்

1945ஆம் ஆண்டில் கார்ப்பென்டருக்கு ஹாட்ஜ்கின் நோய் என்னும் ஒருவகைப் புற்றுநோய் கண்டது. இன்னும் இரண்டு ஆண்டுகளே வாழ்வார் என மருத்துவர்கள் கணித்தனர். 1946ஆம் ஆண்டில் படையிலிருந்து விடுவிக்கப்பட்ட அவர், மீண்டும் பள்ளிக்கே திரும்பினார். இல்லினாய் மாநிலத்தின் அர்பானா நகர உயர்நிலைப் பள்ளியில் வரலாறு கற்பித்தார். மருத்துவர்களின் கணிப்பைப் பொய்யாக்கி, மேலும் இருபது ஆண்டுகள் வாழ்ந்து, 1966ஆம் ஆண்டில் தம் 53ஆம் வயதில் மறைந்தார்.

அவருடைய விமானமோ ஐரோப்பாவிலேயே தங்கிவிட்டது. போர் முடிந்தபின் அமெரிக்கப் படைக்கு அத்தனை தத்துக்கிளிகள் தேவைப்படவில்லை. கடல் கடந்து கொண்டுசெல்லும் செலவும் மிகுதி. எனவே பல விமானங்கள் ஆங்காங்கே விற்கப்பட்டன. ரோசி ஆஸ்திரியா நாட்டைச் சென்றடைந்தது. பசூக்காக்கள் அகன்றன. படைக்குரிய பசும்பழுப்பு நிறம் மறைந்தது. பெயரும் மறைந்தது.

ஆஸ்திரியாவில் அதற்குக் கிடைத்த வேலை, சறுக்கு விமானங்களை இழுத்துச் செல்வது. சறுக்கு விமானத்திற்கு இயந்திரம் கிடையாது. இயந்திரமுள்ள விமானம் ஒன்று அதைக் கயிற்றால் கட்டி உயரே இழுத்துச் செல்லும். போதிய உயரத்தை எட்டியதும் கயிற்றை விடுவித்தால், சறுக்கு விமானம் மேலெழும் காற்றைப் பற்றிக்கொண்டு பருந்துபோல மிதக்கும். இழுத்து வந்த விமானம் அடுத்ததை அழைத்துச் செல்லக் கீழே இறங்கிவிடும். ஒருகாலத்தில் எஃகு டாங்கிகளின்மேல் பாய்ந்த விமானம், விளையாட்டாகப் பறப்போரை வானுக்கு ஏற்றிவிட்டு ஓசையின்றித் திரும்பிக்கொண்டிருந்தது. அதை இயக்கியோருக்கு அது வழக்கமான ஒரு பழைய கப் விமானம். உழைத்து ஓய்ந்தபின், கிராட்ஸ் நகர விமான நிலையத்திலுள்ள அருங்காட்சியகத்தில் அது வைக்கப்பட்டது. அங்கும் அது ரோசி என்று எவருக்கும் தெரியாது.

ஆறு இலக்கங்கள்

விமானத்தின் நிறத்தை மாற்றலாம், பெயரை அழிக்கலாம். அதன் வரிசை எண் மட்டும் ஆவணங்களில் நிலைத்திருக்கும். அமெரிக்கப் படை தன் ஒவ்வொரு விமானத்திற்கும் ஓர் எண் அளித்தது. 43-30426 என்பதில் 43 என்பது அவ்விமானத்தை வாங்க நிதி ஒதுக்கப்பட்ட 1943ஆம் ஆண்டைக் குறிக்கும். விமானத்தின் வாலில் எழுதும்போது முதல் இலக்கத்தை விட்டுவிடுவது வழக்கம். ஆதலால், வாலில் 330426 என்னும் ஆறு இலக்கங்களே காணப்படும்.

கார்ப்பென்டர் தம் விமானத்துடன் இருக்கும் போர்க்கால ஒளிப்படங்கள் எஞ்சியிருந்தன. அவற்றை ஆராய்ந்த வரலாற்று ஆர்வலர் ஒருவர், படத்திலுள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு அவ்விமானம் எங்கே போயிற்று எனத் தேடினார். ஆவணங்களின் தடம் கிராட்ஸ் அருங்காட்சியகத்தில் வந்து முடிந்தது. போர் ஓய்ந்து எழுபது ஆண்டுகள் கடந்தபின், அங்கு நின்றிருந்த பழைய கப் விமானமே ரோசி என்பது உலகிற்குத் தெரியவந்தது.

பின்னர் அவ்விமானம் அமெரிக்காவிற்குக் கொண்டுசெல்லப்பட்டுப் பிரித்துச் சீரமைக்கப்பட்டது. புதிய துணி போர்த்தப்பட்டது. பருத்தித் துணி சில ஆண்டுகளே தாங்கும் என்பதால், துணி போர்த்திய விமானம் தன் வாழ்நாளில் பலமுறை ஆடை மாற்றிக்கொள்வது இயல்பே. தேய்ந்த உறுப்புகளும் அவ்வாறே மாற்றப்படும். அவ்வாறாயின் அது பழைய விமானம்தானா என்று சிலர் வினவக்கூடும். விமானம் சீரமைப்போர் இதற்கு எளிய விடை வைத்திருக்கின்றனர்: துணி எத்தனை முறை மாறினாலும், உள்ளே இருக்கும் கூடும் அதற்குரிய எண்ணும் தொடர்ந்தால் அது அதே விமானமே.

இன்று ரோசி, மாசசூசெட்ஸ் மாநிலத்தில் போர்க்காலப் பொருள்களைக் காக்கும் ஓர் அருங்காட்சியகத்தில் உள்ளது. பசும்பழுப்பு நிறம் திரும்பிவிட்டது. பக்கத்திற்கு மூன்றாக ஆறு குழாய்கள் சட்டங்களில் பொருத்தப்பட்டுள்ளன. விமானியின் இருக்கைக்கு முன்னே, எரிபொருள் மூடியிலிருந்து அந்தக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது. வாலில் 330426 என்னும் எண் மீண்டும் எழுதப்பட்டுள்ளது.